நினைத்தது என்ன, நடந்தது என்ன

பௌர்ணமி இரவு ஒரு மணிக்குத் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஒருவர் வியர்த்துக் களைத்து உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 14 கிலோமீட்டரை வெறுங்காலோடு நடப்பவருக்கு வியர்க்காமல் இருக்குமா? தூங்க வேண்டிய நேரத்தில் நடப்பவருக்குக் கண் சொக்காமல் இருக்குமா? இந்த நியாயமான எண்ணத்துக்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பயிற்சிக்காக ஒரு கேஸை வைத்துக்கொள்வோம். குபேர லிங்கத்தைத் தாண்டியதும் 58 வயது அம்மா ஒருவரை மகள் கைத்தாங்கலாக மருத்துவ முகாமுக்குக் கூட்டி வருகிறார். காலையிலிருந்து விரதம். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால். விரதம் என்றாலும் மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார். பி.பி. 130/80. நாடி 72. உடம்பு சில்லென்று வியர்த்திருக்கிறது. பெயரைக் கேட்டால் சொல்கிறார். எந்த ஊர் என்று கேட்டால் மகளைப் பார்க்கிறார். "ரொம்ப நடந்துட்டாங்க சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடுத்து உக்கார வெச்சா சரியாயிடும்" என்கிறார் மகள்.

தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பது தப்பில்லை. ஆனால் அதோடு விட்டால் அந்த அம்மா மயங்கி விழலாம். 14 கிலோமீட்டரில் பெரும்பகுதியை நடந்து முடித்தவருக்கு நாடி 72 இருப்பதே ஒரு குறி: அட்டெனலால் இதயத்தை அடக்கி வைத்திருக்கிறது. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் இந்த வகை மாத்திரை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ஆகவே இங்கே வியர்வை களைப்பின் அடையாளமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, மிஞ்சி நிற்கும் ஒரே எச்சரிக்கையாகவும் இருக்கலாம். தாழ்சர்க்கரை, நீரிழப்பு, வலி தெரியாமல் வரும் மாரடைப்பு, பக்கவாதம் என நான்கு சாத்தியங்கள். நான்கில் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடக்கூடியதும், உடனே சரிசெய்யக்கூடியதும், சரிசெய்யாவிட்டால் மூளையைக் கெடுக்கக்கூடியதும் தாழ்சர்க்கரை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்; மீட்டர் 48 காட்டுகிறது. விழுங்க முடிகிறது என்று உறுதி செய்துகொண்டு 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கிறார் நர்ஸ். 92. அந்த அம்மா தெளிவாகப் பேசுகிறார். மீதி இருப்பது கொஞ்ச தூரம்தானே, முடித்துவிடுகிறேன் என்கிறார். கேஸின் கடினமான கேள்வி இந்த இடத்தில்தான் வருகிறது. கிளிமிபிரைடு ஒரு தடவை சர்க்கரையைத் தாழ்த்திவிட்டு ஓய்கிற மாத்திரை அல்ல. அடுத்த பல மணி நேரத்துக்குக் கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். வயதானவர்களிடமும் சிறுநீரகம் தளர்ந்தவர்களிடமும் இன்னும் நீளும். 92 என்பது கொடுத்த சர்க்கரை தந்த எண். அவரை நடக்கவும் விடக்கூடாது, வீட்டுக்கும் அனுப்பக்கூடாது. ஏதாவது சாப்பிடக் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

நர்சிங் வகுப்பில் இதை கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் என்பார்கள். நோயாளியை நிதானிப்பது என்று நாம் சொல்லலாம். மேலே சொன்னதில் எந்தத் தகவலும் அரிதானது இல்லை. அட்டெனலாலின் பக்கவிளைவு மருந்தியல் பாடத்தில் இருக்கிறது, 15 கிராம் விதி நீரிழிவுப் பாடத்தில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் மூன்றாம் ஆண்டு மாணவி மளமளவென்று சொல்லிவிடுவார். இரவு ஒரு மணிக்கு, கூட்டத்தின் இரைச்சலில், மகள் தவறான விடையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டையும் ஒன்றுசேர்க்க வருமா என்பதுதான் விஷயம். அதைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆனால் ஏதோ ஒரு பயிற்சி என்றால் உதவாது. விடை தெரிவதற்கு முன் ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவு சரியா தவறா என்ற செய்தி திரும்பி வரும் பயிற்சி மட்டுமே உதவும். நம் ஊர் வார்டுகளில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அந்தச் செய்திக்குத்தான்.

இந்தத் திறமையை ஒரு தேர்வு நேரடியாக அளக்க முயல்கிறது. அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுத வேண்டிய என்க்ளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரல் 1 முதல் புது வடிவம் எடுத்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் இதையே பயன்படுத்துவதால், வெளிநாட்டு வேலையை நினைக்கும் தமிழ்நாட்டு நர்ஸ்களுக்கு இது பழகிய பெயர். திருவண்ணாமலையில் படித்து, வேலூரிலோ சென்னையிலோ இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு, சென்னை மையத்தில் கணினி முன் உட்கார்பவர்களும் இதைத்தான் எழுதுகிறார்கள். ஐந்து மணி நேரம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. அவற்றில் மூன்று கேஸ்கள், கேஸுக்கு ஆறு கேள்வி. ஒவ்வொரு கேஸிலும் நோயாளியின் கதை படிப்படியாக விரியும். நர்ஸ் குறிப்பு, ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஆர்டர் என்று தாள்கள் கூடிக்கொண்டே போகும். ஆறு கேள்விகளும் ஆறு படிகள்: குறிகளைக் கவனிப்பது, அவற்றுக்குப் பொருள் காண்பது, சாத்தியங்களில் எது முதலில் என்று வரிசைப்படுத்துவது, என்ன செய்யலாம் என்று யோசிப்பது, செய்வது, செய்ததால் பலன் உண்டா என்று பார்ப்பது. குபேர லிங்கத்து அம்மாவின் கேஸை இதே ஆறு படிகளில் பிரித்துப் பார்க்கலாம். முதல் படி நாடி 72. ஆறாம் படி அந்த 92. பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்தான்.

மதிப்பெண் போடும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு என்ற வகைக் கேள்வியில் ஒவ்வொரு சரியான தேர்வுக்கும் ஒரு மதிப்பெண் கூடும், ஒவ்வொரு தவறான தேர்வுக்கும் ஒன்று கழியும்; சுழியத்துக்குக் கீழே போகாது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் கிளிக் செய்து தப்பிக்க முடியாது. வார்டிலும் இதே நியாயம்தான். பத்து நோயாளிகளையும் "சீரியஸ்" என்று சொல்லும் நர்ஸ் யாரையும் காப்பாற்றவில்லை. டியூட்டி டாக்டர் அவர் அழைப்பைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுவார். தேர்வு வடிவமைத்தவர்கள் இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதற்காகவே எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடியது.

தகவல் இருந்தும் நிதானிப்பு இல்லாமல் போவது கற்பனை அல்ல. 1990-இல் ஷைன் என்பவரும் சக மருத்துவர்களும் அமெரிக்காவின் மயாமி நகரில், மருத்துவமனையில் இருக்கும்போதே இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைப் பின்னோக்கிப் படித்தார்கள். 84 சதவீதம் பேரிடம், இதயம் நிற்பதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் உடல்நிலை சரிந்ததற்கான குறிப்போ புதிய தொந்தரவோ பதிவாகியிருந்தது. மூச்சில் மாற்றமும் மனத்தெளிவில் மாற்றமும்தான் அவற்றில் முதன்மை. பதிவாகியிருந்தது என்ற சொல்லில் நிற்க வேண்டும். ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார். எழுதியது ஒரு முடிவாக மாறவில்லை. நம் வார்டுகளில் டெம்பரேச்சர் சார்ட்டைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். மூச்சு எண்ணிக்கை என்ற வரியில் 20, 20, 20 என்று ஓடிக்கொண்டே இருக்கும். முழு நிமிடம் மார்பைப் பார்த்து எண்ண வேண்டிய எண் அது. கருவி கிடையாது, நேரம் பிடிக்கும், ஆகவே கை பழக்கத்தில் எழுதிவிடுகிறது. இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல, பல நாட்டு ஆய்வுகளும் இதையே முறையிடுகின்றன. மூச்சு 20-இலிருந்து 28-க்கு ஏறுவதுதான் பல நேரம் உடல் கொடுக்கும் முதல் தகவல் என்பதை நினைத்தால், அந்த வரிசையான 20-கள் கொஞ்சம் பயமுறுத்தும்.

புதிதாகப் படித்து வருபவர்களின் நிலை என்ன? டோரதி டெல் பியூனோ 2005-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோளாகிறது. வீடியோவில் நோயாளியைக் காட்டி, என்ன பிரச்சினை, என்ன செய்வீர்கள் என்று புது நர்ஸ்களிடம் கேட்டதில், எதிர்பார்த்த அளவுக்கு நிதானிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 35 சதவீதம் என்றார். 2017-இல் கவனாவும் ஷ்வேடாவும் 5,000-க்கும் மேற்பட்ட புது நர்ஸ்களைச் சோதித்ததில் அது 23 சதவீதமாக இறங்கியிருந்தது. இந்த எண்களை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. இரண்டிலும் பயன்பட்டது ஒரே அளவுகோல், அதை உருவாக்கியவரே டெல் பியூனோ. "எதிர்பார்த்த அளவு" என்ற கோட்டைச் சற்று மேலே கீழே நகர்த்தினால் சதவீதமும் நகரும். ஆனால் சதவீதத்தை விட்டுவிட்டாலும் ஒரு செய்தி மிஞ்சுகிறது. இவர்கள் எல்லோரும் லைசென்ஸ் தேர்வில் தேறியவர்கள். பழைய தேர்வு அளந்ததும் வார்டில் தேவைப்பட்டதும் ஒன்றாக இருக்கவில்லை. தேர்வின் வடிவம் மாறியதற்குப் பின்னால் இருந்த கவலை இதுதான்.

இங்கே முதல் மறுப்பு வரும், பெரும்பாலும் அனுபவசாலிகளிடமிருந்து. இதெல்லாம் படித்து வருவதில்லை, இருபது வருஷம் வார்டில் நின்றால் தானாக வரும், பார்த்ததுமே மனசு சொல்லிவிடும் என்பார்கள். இதில் பாதி உண்மை. பெட்ரிஷியா பென்னர் 1984-இல் எழுதிய புகழ்பெற்ற நூல், விதியைப் பார்த்து விதியைப் பார்த்து நடக்கும் புதியவர் எப்படிப் படிப்படியாக விதியை மறந்து நோயாளியையே பார்க்கும் தேர்ந்தவராகிறார் என்பதைக் காட்டியது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஒரு ஆய்வு இன்னும் சுவையானது. குழந்தையின் ரத்தத்தில் கிருமி பரவுவதை, பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே சில நர்ஸ்கள் சொல்லிவிடுவார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் "பாத்தாலே தெரியும்" என்பதுதான் பதில். பெத் கிராண்டால், கேரி கிளைன் குழுவினர் அவர்களை உட்காரவைத்துச் சம்பவம் சம்பவமாகக் கேட்டபோது அந்தப் "பாத்தாலே" பிரிந்து வந்தது: தோல் நிறம், கை கால் தளர்ச்சி, பால் குடிப்பதில் மாற்றம் என்று பல குறிகள். 1993-இல் வெளியான அந்த ஆய்வில், அந்தக் குறிகளில் பல அன்றைய பாடநூல்களில் இல்லை. சில பெரியவர்களிடம் காணும் குறிகளுக்கு நேர்மாறாகவும் இருந்தன. உள்ளுணர்வு என்று நாம் சொல்வது மாயம் அல்ல, வாயால் சொல்லப்படாத குறிகளின் தொகுப்பு. கேட்டு எடுக்க முடிந்ததென்றால் கற்றுக்கொடுக்கவும் முடியும்.

மீதிப் பாதி தவறு என்பதற்கு அதே கேரி கிளைனே சாட்சி. உள்ளுணர்வின் பக்கம் நின்ற அவரும், உள்ளுணர்வு ஏமாற்றும் என்று வாழ்நாள் முழுக்கக் காட்டிய டேனியல் கானமனும் 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம், இருவரும் ஒத்துப்போனார்கள். அனுபவசாலியின் உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்றார்கள். அந்தத் துறையில் குறிக்கும் விளைவுக்கும் நிலையான தொடர்பு இருக்க வேண்டும். அந்தத் தொடர்பைக் கற்றுக்கொள்ள, தன் கணிப்பு என்ன ஆயிற்று என்ற செய்தி ஆளுக்குத் திரும்பி வர வேண்டும். வானிலை அதிகாரி நாளை மழை என்றால் நாளைக்கே தெரிந்துவிடும். அதனால்தான் மழை வாய்ப்பைக் கணிப்பதில் அவர்கள் மிகத் துல்லியமானவர்கள் என்று 1970-களிலேயே ஆய்வுகள் காட்டின. பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் குழந்தை கண்முன்னே இருக்கிறது, மறுநாள் பரிசோதனை முடிவு வந்துவிடுகிறது. கிரிவலப் பாதை முகாமில் என்ன நடக்கிறது? கார்த்திகை தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் வழிநெடுக முகாம்கள், 108 ஆம்புலன்ஸ்கள். ஒரு நர்ஸ் ஒரே இரவில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எந்தப் பாடநூலும் ஈடாகாது. ஆனால் ஆம்புலன்ஸ் கதவு மூடியதும் கதை முடிந்துவிடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவருக்கு என்ன கண்டுபிடித்தார்கள், முகாமில் நினைத்தது சரியா என்று யாரும் வந்து சொல்வதில்லை. உப்புக் கரைசல் கொடுத்து அனுப்பியவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்பதும் தெரியாது. இப்படி இருபது வருஷம் நின்றால் வளர்வது தன்னம்பிக்கை. திறமையும் கூடவே வளர்ந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பயிற்சியின் வடிவத்தைப் பற்றி நினைவாற்றல் ஆராய்ச்சியிலிருந்து கிடைக்கும் சான்று வலுவானது. 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு குழுவை மறுபடி படிக்க வைத்தார்கள், இன்னொரு குழுவைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. அடிக்கோடிட்டுப் படிப்பது இனிமையாக இருப்பதற்கும் ஒரு வாரத்தில் ஆவியாவதற்கும் காரணம் ஒன்றே. அதில் தோற்கும் வாய்ப்பு இல்லை. கலந்து பயில்வது பற்றிய சான்றும் உண்டு. கனடாவில் ஹடாலா, ப்ரூக்ஸ், நார்மன் மூவரும் 2003-இல் ஈ.சி.ஜி. படிப்பதைக் கற்பித்தபோது, ஒரு நோயின் வரைபடங்களை மொத்தமாகப் பயின்றவர்களைவிட, பல நோய்களின் வரைபடங்களைக் கலந்து பயின்றவர்கள் புதிய வரைபடங்களை மேலாகக் கண்டுபிடித்தார்கள். இந்த வாரம் இதயம், அடுத்த வாரம் சிறுநீரகம் என்று படிக்கும்போது, கேள்வியைப் பார்ப்பதற்கு முன்பே பாதி விடை தெரிந்துவிடுகிறது. முகாமுக்கு வரும் நோயாளி எந்தப் பாடத்திலிருந்து வருகிறேன் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

இதை வைத்துப் பார்த்தால், கேள்வி வங்கிகளை வைத்துத் தேர்வுக்குத் தயாராகும் வழக்கத்தில் எது உதவுகிறது, எது உதவவில்லை என்று பிரித்துவிடலாம். இரண்டாயிரம், மூவாயிரம் கேள்விகளைப் போட்டுப் பார்த்தேன் என்று எண்ணிக்கை சொல்பவர்களில் பலர், விடையைத் தட்டிவிட்டு உடனே விளக்கத்தைப் படிக்கிறார்கள். "ஆமா, இதுதான் நானும் நெனச்சேன்" என்று மனம் ஒத்தூதிவிடுகிறது. எழுதாமல் நினைத்தது நினைத்ததாகாது. கேஸின் முதல் தாளைப் படித்ததும் மீதியை மூடி வைத்துவிட்டு, பெரிய குறி இரண்டு, முதல் சந்தேகம் ஒன்று, ஒரு மணி நேரத்தில் பி.பி.யும் மூச்சும் எப்படிப் போகும் என்ற கணிப்பு, இவ்வளவையும் தாளில் எழுதியபிறகே அடுத்த தாளைத் திறக்க வேண்டும். தப்பானால், எந்தப் படியில் தப்பு என்று பார்க்க வேண்டும். குறியே கண்ணில் படவில்லையா, பட்டும் பொருள் தெரியவில்லையா, பொருள் தெரிந்தும் வரிசை பிசகியதா? முதலாவதற்கு மருந்து கூர்ந்து பார்ப்பது, இரண்டாவதற்குப் பாடப் புத்தகம், மூன்றாவதற்கு இன்னும் பத்து கேஸ்கள். எல்லாத் தப்புக்கும் "இன்னும் படிக்கணும்" என்று ஒரே மருந்து எழுதிக்கொள்வதுதான் தேர்வுக்குப் படிப்பவர்களின் பொது நோய். நூற்றுக்கணக்கான கேஸ் எதற்கு என்று கேட்கலாம். ஆறு படிகளையும் தெரிந்துகொண்டால் எல்லாக் கேஸுக்கும் பொருந்தாதா? பொருந்தாது. எல்ஸ்டீன், ஷுல்மன், ஸ்ப்ராஃப்கா 1978-இலேயே டாக்டர்களிடம் காட்டியது இது: ஒரு கேஸில் சிறப்பாக யோசித்தவர் அடுத்த கேஸிலும் அப்படியே யோசிப்பார் என்று சொல்ல முடியாது. நிதானிப்பு என்ற தனிச் சரக்கு எதுவும் மூளையில் சேமிப்பில் இல்லை. அது அந்தந்த நோயின் அறிவோடு ஒட்டிக்கொண்டே வளர்கிறது.

அமெரிக்கக் கேஸ்களைப் படித்து நம் ஊருக்கு என்ன பயன் என்பது அடுத்த மறுப்பு. இது சரியான இடத்தைத் தொடுகிறது. செங்கம் பக்கத்திலோ ஜவ்வாது மலையிலோ தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலை ஐந்து மணிக்கு வயிற்றுவலி, வாந்தி என்று வந்தால், அமெரிக்கக் கேள்வி வங்கி குடல்வால் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நம் நர்ஸ் முதலில் கண்ணிமையைப் பார்க்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் கடிக்கும்; வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. வயிற்றுவலி வரும், இமை சரியும், விழுங்கவும் கழுத்தைத் தூக்கவும் முடியாமல் போகும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை இதில் இயல்பாகவே இருக்கும், ஏனென்றால் இந்த நஞ்சு தாக்குவது நரம்பை, ரத்தத்தை அல்ல. உறைந்துவிட்டதே, பாம்பு இல்லை என்று முடிவு கட்டினால் ஆபத்து. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று அரை மணிக்கு ஒருமுறை கேட்டு எழுதினால், மூச்சுத் தசை தளர்வது முன்கூட்டியே தெரியும்: முதலில் 30 வரை, பிறகு 22, பிறகு 14. தமிழ்நாடு அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கிவிட்டது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும் என்றால், கேஸ் எழுதவும் சரக்கு கிடைக்கும். ஆக, மறுப்புக்குப் பதில் பயிற்சியைக் கைவிடுவது அல்ல. வடிவத்தை வாங்கிக்கொண்டு கேஸை நம் மண்ணிலிருந்து எழுதுவது.

எழுதுவதற்கு ஏன் யாரும் முன்வரவில்லை? தேர்வு கேட்காததை வகுப்பு கற்பிக்காது. இந்தியாவில் நர்சிங் முடித்தவர் பல்கலைக்கழகத் தேர்வில் தேறி மாநில கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் போதும், தனி லைசென்ஸ் தேர்வு இல்லை. பல்கலைக்கழகத் தாளோ கட்டுரை வினா, சிறு குறிப்பு என்று கேட்கிறது: நீரிழிவு நோயாளிக்கான செவிலியர் பராமரிப்பை விவரி. இதற்குப் பத்துப் பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர் குபேர லிங்கத்து அம்மாவிடம் தடுமாறலாம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தைத் திறன் அடிப்படைக்கு மாற்றியது. 2023-இல் தேசிய நர்சிங் ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. வினாத்தாள் மாறாமல் பாடத்திட்டம் மட்டும் மாறினால் வகுப்பறையில் அதிகம் மாறாது என்பது என் எண்ணம்.

இன்னொரு மறுப்பு வாயில் வராமல் மனதில் இருக்கும்: நம் ஊரில் முடிவெடுப்பவர் டாக்டர்தானே, நர்ஸ் நிதானித்து என்ன ஆகப்போகிறது? இரவு இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்புவதா வேண்டாமா என்பது நர்ஸ் எடுக்கும் முடிவு. எழுப்பினால் என்ன சொல்வது என்பதும் அவர் முடிவே. "சார், பத்தாம் பெட் பேஷன்ட் ஒரு மாதிரி இருக்காங்க" என்பதற்கும், "சார், பத்தாம் பெட், ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள், மூச்சு 18-லேர்ந்து 28 ஆயிருக்கு, குழப்பமா பேசறாங்க, வந்து பாக்கணும்" என்பதற்கும் இடையே இருப்பது டாக்டர் வருவாரா மாட்டாரா என்ற வித்தியாசம். ஆறு படிகளில் ஐந்தாவதான செயல் பல நேரம் ஒரு போன் அழைப்புதான். அதைச் சரியாகச் செய்ய முதல் நான்கும் முடிந்திருக்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்ற மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை, இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் நியாயமில்லை. லிண்டா ஏக்கன் குழு 2002-இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது, அறுவை சிகிச்சை வார்டில் ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அங்கே பேச்சு நான்கா எட்டா என்பது. நம் இரவு வார்டுகளில் ஒருவர் பார்ப்பது அதற்கெல்லாம் மேலே. எவ்வளவு பயிற்சி பெற்றவரும் ஒரே நேரத்தில் இரண்டு கட்டில் பக்கம் நிற்க முடியாது. பயிற்சியைக் காட்டி ஆள் போடாமல் இருப்பதற்குச் சாக்கு தேடும் நிர்வாகத்துக்கு இந்த அத்தியாயம் உதவக்கூடாது. ஆனால் நாற்பது பேரில் யாரை முதலில் போய்ப் பார்ப்பது என்ற கேள்வி ஆள் குறைவான வார்டில்தான் அதிகம் எழுகிறது. கூட்டம் கூடக்கூட வரிசைப்படுத்தும் திறமையின் மதிப்பும் கூடுகிறது.

பொம்மை நோயாளியை வைத்துப் பயில்வது நிஜ வார்டுக்கு மாற்றாகுமா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் 2014-இல் வந்தது. என்க்ளெக்ஸ் நடத்தும் அமைப்பே பத்து நர்சிங் கல்லூரிகளில் செய்த ஆய்வு. வார்டு நேரத்தில் பாதியை நல்ல சிமுலேஷனால் மாற்றியவர்களும், வழக்கம்போல் வார்டிலேயே நின்றவர்களும் தேர்விலும் பின்னர் வேலையிலும் ஒரே தரத்தில் இருந்தார்கள். சிமுலேஷனில் நோயாளி பொம்மைதான். ஆனால் முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து, அப்போது என்ன நினைத்தாய், ஏன், என்ன ஆனது என்று பேசுகிறார்கள். பொம்மை வார்டுக்கு ஈடானதில் அந்த அரை மணிக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அதற்கு விலையுயர்ந்த பொம்மை தேவையில்லை. வார்டிலும் ஷிப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர் நடக்கிறது. போகிறவர், "இவருக்கு ராத்திரிக்குள்ள காய்ச்சல் ஏறும்னு நினைக்கிறேன்" என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு, மறுநாள் வந்ததும் அந்த வரியைப் பார்க்கலாம். கிரிவல முகாமின் பதிவேட்டில் பெயர், வயது, ஊர், கொடுத்த மருந்து என்று பத்திகள் உண்டு. அவற்றோடு இரண்டைச் சேர்த்தால் போதும்: அனுப்பும்போது நினைத்தது என்ன, மருத்துவமனையில் கண்டது என்ன. முதலாவதை முகாம் நர்ஸ் அங்கேயே எழுதிவிடலாம். இரண்டாவதை நிரப்ப, பௌர்ணமி முடிந்த மறுநாள் மருத்துவமனையிலிருந்து ஒருவர் பதிவேட்டு எண்ணை மட்டும் வைத்து, நோயாளியின் பெயர் வெளியே போகாமல், ஒரு பட்டியல் அனுப்ப வேண்டும். ஒரு மணி நேர வேலை அது. அதை யார் செய்வது, எந்தத் துறை உத்தரவிடுவது என்ற கேள்விகள் பெரியவை. கல்லூரிகளின் சமுதாய நல நர்சிங் பாடத்தில் களப்பணிக்கென்று ஏற்கெனவே நேரம் ஒதுக்கியிருப்பதால், தொடங்க அங்கே இடம் இருக்கிறது.